மெனு ஷார்ட்கட்டை எந்த இடத்தில் மாற்றுவது நல்லது? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

தினமும் பல முறை தேவைப்படும் ஒரு கட்டளை மெனுவுக்குள் இரண்டு மூன்று அடுக்கு கீழே ஒளிந்திருக்கிறது. அல்லது அதற்கு ஷார்ட்கட் இருக்கிறது, ஆனால் அழுத்துவதற்குள் விரல் சுளுக்கிக்கொள்கிறது. மாற்றிவிடலாம் என்று விசாரித்தால் ஒருவர் கீகளை மாற்றும் மென்பொருளான ஆட்டோஹாட்கீ போடச் சொல்கிறார். இன்னொருவர் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸே போதும் என்கிறார். புரோகிராம் செய்யக்கூடிய கீபோர்டு ஒன்றை வாங்கிவிடு என்பவரும் உண்டு. கேட்டவர் முன்பைவிட அதிகமாகக் குழம்பி, பழையபடி மவுஸையே பிடித்துக்கொள்கிறார்.

குழப்பத்துக்குக் காரணம் உண்டு. இந்த வழிகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தெரிந்தாலும், கணினியில் வெவ்வேறு மட்டத்தில் இயங்குகின்றன. சில, கட்டளையையே நேராகப் பிடிக்கின்றன. சில, நீங்கள் அழுத்திய கீயை வேறு கீயாக மாற்றி அனுப்புவதோடு நின்றுவிடுகின்றன. இந்த வித்தியாசம் புரிந்தால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டளைக்கு எவ்வளவு பக்கத்தில் மாற்ற முடியுமோ அவ்வளவு பக்கத்தில் மாற்றுங்கள். அங்கே வழி இல்லை என்றால் மட்டும் ஒரு படி வெளியே வாருங்கள். ஏன் என்பதை ஓர் உண்மையான தேவையை வைத்தே பார்ப்போம். லிப்ரேஆஃபிஸ் ரைட்டரில், வெளியிலிருந்து காப்பி செய்த உரையை எழுத்துரு, நிறம் எதுவும் ஒட்டாமல் வெறும் எழுத்தாக ஒட்டுவதற்கு கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+வி அழுத்த வேண்டும். நான்கு கீ. இணையத்திலிருந்து தமிழ் உரையை எடுத்து ஆவணத்தில் சேர்ப்பவர்களுக்கு இது நாள் முழுக்க வேண்டிய கட்டளை. சாதாரணமாக ஒட்டினால் வேறு எழுத்துரு, வேறு அளவு, சில சமயம் பின்னணி நிறமும் சேர்ந்து வந்துவிடும். இதை கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி ஆக்கினால் கைக்கு எவ்வளவோ சுகம்.

## எதை வைத்து எடைபோடுவது

கட்டளையா, கீயா? மேலே சொன்ன வித்தியாசம்தான். இதுவே முதல் அளவுகோல், எனக்கு மிக முக்கியமானதும்கூட. கட்டளையைப் பிடிக்கும் வழியில், மெனு இடம் மாறினாலும் ஷார்ட்கட் வேலை செய்யும். கீயை மாற்றி அனுப்பும் வழிக்கு எதிரில் என்ன திறந்திருக்கிறது என்பதே தெரியாது.

எல்லை. அந்த மாற்றம் ஒரே சாஃப்ட்வேருக்குள் நிற்குமா, கணினி முழுக்கப் பரவுமா?

மோதல். அந்தக் கீ ஏற்கெனவே வேறு வேலைக்கு இருந்தால், முன்கூட்டியே சொல்லுமா, சத்தமில்லாமல் பழையதை அழித்துவிடுமா? திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் இருக்கும் கணினி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் இன்சர்ட் கீயோ கேப்ஸ்லாக்கோ அதற்கே உரிய கீயாக இருக்கும். மேக்கின் வாய்ஸ்ஓவர், கன்ட்ரோலையும் ஆப்ஷனையும் சேர்த்துத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது.

எடுத்துப்போவது. கணினி மாறும்போது, வட்டை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி போடும்போது, இதையும் கூடவே கொண்டுபோக முடியுமா?

அனுமதி. அலுவலகக் கணினியில் புதிதாக எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்றால் பாதி வழிகள் அப்போதே அடைபட்டுவிடும்.

கடைசியாக, எந்த அமைப்புப் பக்கத்திலும் எழுதியிருக்காத ஒரு செலவு: விரல் பழக்கம். புது ஷார்ட்கட் கையில் ஏறிவிட்டால், அடுத்தவர் கணினியில் உட்காரும்போது கை தடுமாறும். அதனால் எந்த வழியில் போனாலும் கன்ட்ரோலோடு இசட், எக்ஸ், சி, வி, எஸ், பி (P), எஃப் சேரும் ஷார்ட்கட்டுகளைத் தொடாதீர்கள். முதல் நான்கும் 1984-இல் வந்த மேக்கின்டாஷ் காலத்திலிருந்தே பக்கத்துப் பக்கத்துக் கீகளில் இருப்பவை. உலகமே பழகிய இடம் அது.

## வழி 1: எதையும் மாற்றாமல் இருப்பது

இதையும் ஒரு வழியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை தேவைப்படும் கட்டளைக்கு ஷார்ட்கட் வைத்தால் அடுத்த வாரமே அது மறந்துபோகும். அப்படிப்பட்டவற்றுக்கு, பெயரைத் தட்டித் தேடுவதே வேகமான வழி.

பலருக்கும் தெரியாமல் கிடக்கும் வசதி இது. லிப்ரேஆஃபிஸில் ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். கட்டளையின் பெயரில் நான்கு எழுத்து தட்டி என்டர் கொடுத்தால் முடிந்தது. 7.2 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸில் ஆல்ட்+கியூ. பிளெண்டரில் எஃப்3. ஜிம்பில் சாய்கோட்டுக் கீ. கிரிட்டாவில் கன்ட்ரோல்+என்டர். விஎஸ் கோடில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+பி (P). மேக்கில் எந்தச் சாஃப்ட்வேராக இருந்தாலும் ஹெல்ப் மெனுவில் பெயரைத் தட்டினால், அந்தக் கட்டளை எந்த மெனுவில் இருக்கிறது என்று அம்புக்குறியே காட்டிக்கொடுக்கும்.

இதைவிடப் பழைய வழி ஆல்ட் எழுத்துகள். விண்டோஸில் ஆல்ட்டைத் தட்டியதும் மெனுப் பெயர்களில் அடிக்கோடிட்ட எழுத்துகள் தெரியும். ஆஃபிஸின் மேற்புறப் பட்டன் பட்டையான ரிப்பனில் சிறு சிறு எழுத்துப் பெட்டிகளாக வரும். எக்செலில் மதிப்பை மட்டும் ஒட்ட ஆல்ட், எச், வி, வி என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும். 2003 பதிப்பின் மெனுவில் இருந்த ஆல்ட், இ, எஸ், வி வரிசையும் இன்று வரை வேலை செய்கிறது. கணக்காளர்கள் பலர் இன்னும் அதை விடவில்லை. விடவும் தேவையில்லை. எதையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்பதால் கைக்கு வலி இல்லை, யார் கணினியிலும் அப்படியே வேலை செய்யும்.

மூன்று நான்கு கீகளை ஒரே நேரத்தில் பிடிக்கக் கை ஒத்துழைக்காதவர்கள் ஸ்டிக்கி கீஸைப் போட்டுப் பாருங்கள். விண்டோஸில் ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் கேட்கும். அதன்பின் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், வி என்று ஒவ்வொன்றாகத் தட்டலாம்.

இந்த வழியின் மறைந்த செலவு ஒன்றே ஒன்று. ஆல்ட் எழுத்துகள் இடைமுக மொழியைப் பொறுத்தவை. ஆங்கில இடைமுகத்தில் பழகிய வரிசை வேறு மொழி இடைமுகத்தில் அப்படியே இருக்காது.

## வழி 2: சாஃப்ட்வேருக்குள்ளேயே இருக்கும் அமைப்பு

பெரும்பாலானவர்கள் தேடுவது இதைத்தான். வேறு வழிகளுக்குப் போவதற்கு முன், உங்கள் சாஃப்ட்வேரில் இது இருக்கிறதா என்று கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

நம் உதாரணத்தைச் செய்து பார்க்கலாம். ரைட்டரில் டூல்ஸ் மெனுவில் கஸ்டமைஸ், அதில் கீபோர்டு தாவல். மேலே எல்லாக் கீச் சேர்க்கைகளும் பட்டியலாக நிற்கும்; ஒவ்வொன்றின் எதிரிலும் இப்போது அதற்கு என்ன வேலை என்று எழுதியிருக்கும். மங்கலாகத் தெரிபவற்றை மாற்ற முடியாது. பட்டியலில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி வரைக்கும் இறங்கினால் அதில் ஏற்கெனவே 'பேஸ்ட் ஸ்பெஷல்' உட்கார்ந்திருப்பது தெரியும். கீழே எடிட் வகையில் 'பேஸ்ட் அன்ஃபார்மேட்டட் டெக்ஸ்ட்' என்ற கட்டளையைத் தேர்ந்து, இந்தக் கீக்கு அதை ஒதுக்குங்கள். பேஸ்ட் ஸ்பெஷல் வீடிழந்து நிற்கும் அல்லவா? அதை இனித் தேவைப்படாத கன்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+வி-க்கு அனுப்பிவிடுங்கள். இரண்டும் இடம் மாறிக்கொண்டன, எதுவும் தொலையவில்லை.

அதே பெட்டியின் வலது மேல் மூலையில் ஒரு சிறு தேர்வு இருக்கிறது: 'லிப்ரேஆஃபிஸ்' அல்லது 'ரைட்டர்'. அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் இடம் இது. முதலாவதைத் தேர்ந்தால் மாற்றம் எல்லாப் பகுதிகளுக்கும் பொது. இரண்டாவது ரைட்டருக்கு மட்டும். இரண்டிலும் ஒரே கீ இருந்தால், ரைட்டருக்குள் ரைட்டரின் அமைப்பே ஜெயிக்கும். 'பொதுவில் மாற்றினேன், ஒன்றுமே நடக்கவில்லை' என்பவர்கள் முதலில் இங்கே பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் 'சேவ்' பட்டனால் மொத்த அமைப்பையும் ஒரு கோப்பாகச் சேமித்து வையுங்கள். புதுக் கணினியில் 'லோட்' கொடுத்தால் வந்துவிடும்.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போனால் அடியில் கீபோர்டு ஷார்ட்கட்ஸுக்கு ஒரு பட்டன் இருக்கும். இங்கே புதிய கீயை நேராக அழுத்தியே காட்டலாம். அது ஏற்கெனவே எதற்கு இருக்கிறது என்றும் உடனே சொல்லிவிடும். அந்த வகையில் லிப்ரேஆஃபிஸைவிட வசதி. ஆனால் கட்டளைகளின் பெயர்கள் மெனுவில் பார்க்கும் பெயர்களாக இருக்காது. சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டிவைத்த உள்பெயர்களாக இருக்கும், தேடிக் களைத்துப்போவீர்கள். அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு: கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு நம்பர்பேடின் கூட்டல் குறியை அழுத்தினால் மவுஸ் குறி நான்கிதழ்ப் பூப்போல மாறும். அந்த நிலையில் ரிப்பனில் எந்த பட்டனைக் கிளிக் செய்கிறீர்களோ, அந்தக் கட்டளைக்கான ஷார்ட்கட் பெட்டியே திறக்கும். நம்பர்பேடு இல்லாத லேப்டாப் என்றால் பட்டியலில் தேட வேண்டியதுதான். வேர்டின் ஷார்ட்கட்டுகள் வழக்கமாக 'நார்மல்' டெம்ப்ளேட்டில் சேமிக்கப்படுகின்றன. அந்தக் கோப்பு கெட்டு, வேர்டு புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டால் ஷார்ட்கட்டுகளும் சேர்ந்து போய்விடும். அதனால் அந்த டெம்ப்ளேட்டுக்கு ஒரு பிரதி எடுத்து வைப்பது நல்லது.

எக்செலும் பவர்பாயின்ட்டும் வேறு கதை. விண்டோஸ் பதிப்பில் இவற்றுக்கு ஷார்ட்கட் மாற்றும் பெட்டியே கிடையாது. (மேக் எக்செலில் இருக்கிறது.) இருப்பது ரிப்பனை ஒட்டி நிற்கும் சிறு பட்டையான குவிக் ஆக்சஸ் டூல்பார். அதில் முதலில் வைக்கும் ஒன்பது கட்டளைகளுக்கு ஆல்ட்+1 முதல் ஆல்ட்+9 வரை தானாக வந்துவிடும். எண் இடத்தைப் பொறுத்தது என்பதால் வரிசையை ஒருமுறை முடிவு செய்தபின் கலைக்காதீர்கள். எக்செலில் சிலர் மேக்ரோ (பல படிகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) ஒன்றை எழுதி அதற்கு கன்ட்ரோலோடு ஓர் எழுத்தை வைக்கிறார்கள். இதன் மறைந்த செலவு பெரியது: தாளில் மாற்றம் செய்யும் மேக்ரோ ஓடியதும் எக்செலின் அன்டூ பட்டியல் காலியாகிவிடும். மதிப்பை ஒட்டுவதுபோல நாளுக்கு ஐம்பது முறை செய்யும் வேலையை மேக்ரோவில் வைத்துவிட்டு, தவறி ஒட்டியதைப் பின்வாங்க முடியாமல் நிற்பது எந்த வேகத்துக்கும் ஈடாகாது. இந்த வேலைக்கு டூல்பாரோ ஆல்ட் வரிசையோ போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போட்டோஷாப்பில் எடிட் மெனுவிலேயே கீபோர்டு ஷார்ட்கட்ஸ் இருக்கிறது. தொகுப்பாகப் பெயரிட்டுச் சேமிக்கலாம், மோதல் வந்தால் எச்சரிக்கும், மொத்தப் பட்டியலையும் தனிக் கோப்பாக எடுத்துத்தரும். லினக்ஸில் பரவலான கேடிஈ குழுவின் சாஃப்ட்வேர்கள், அதாவது ஓக்குலர், கேட், டால்ஃபின் போன்றவை, செட்டிங்ஸ் மெனுவில் ஒரே மாதிரியான ஷார்ட்கட் பெட்டியை வைத்திருக்கின்றன. ஒன்றில் பழகினால் எல்லாவற்றிலும் பழகியதுபோல்தான். பிளெண்டரில் மெனு உருப்படி மேல் வலது கிளிக் செய்து அங்கேயே ஷார்ட்கட் ஒதுக்கலாம். எல்லாச் சாஃப்ட்வேரும் இப்படி இருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருக்காது. விஎஸ் கோடு, 'இந்தச் சூழலில் மட்டும்' என்று நிபந்தனை போடும் அளவுக்குப் போகிறது. கணக்கில் உள்நுழைந்து ஒத்திசைவை இயக்கினால் ஷார்ட்கட்டுகள் அடுத்த கணினிக்குத் தாமாகவே வந்துவிடும்.

இந்த வழி எங்கே கைவிடும்? குரோமில் எக்ஸ்டென்ஷன்களின் ஷார்ட்கட்டுகளை மட்டுமே மாற்றலாம், உலாவியின் சொந்த ஷார்ட்கட்டுகளை மாற்ற முடியாது. விவால்டி உலாவியில் முடியும். நிறுவனங்கள் தனியே எழுதி வாங்கிய பில்லிங், கணக்கு சாஃப்ட்வேர்கள் பலவற்றில் இந்த வசதி சுத்தமாக இருக்காது.

## வழி 3: மேக்கின் 'ஆப் ஷார்ட்கட்ஸ்'

மேக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கிடைத்திருக்கும் நல்ல வசதி. சிஸ்டம் செட்டிங்ஸ், கீபோர்டு, கீபோர்டு ஷார்ட்கட்ஸ், ஆப் ஷார்ட்கட்ஸ் என்று போய், சாஃப்ட்வேரைத் தேர்ந்து, மெனுவில் இருக்கும் கட்டளையின் பெயரை எழுத்துப் பிசகாமல் தட்டி, கீயைக் கொடுத்தால் வேலை முடிந்தது. சாஃப்ட்வேரை எழுதியவர் ஷார்ட்கட் வசதியைப் பற்றி நினைத்தே பார்த்திருக்காவிட்டாலும் இது வேலை செய்யும். எதையும் தனியாக நிறுவ வேண்டாம், பின்னணியில் எதுவும் ஓட வேண்டாம். கீயை வேறு கீயாக மாற்றாமல், மெனுக் கட்டளையையே பிடிக்கிறது.

சிக்கலெல்லாம் அந்தப் பெயரில்தான். பெயரின் கடைசியில் மூன்று புள்ளி இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறக்கூடாது. ஒரே பெயர் இரண்டு மெனுக்களில் இருந்தால், மெனுப் பெயரில் தொடங்கி, இடையில் சிறு கோடும் பெரிது-குறியும் சேர்ந்த அம்பு போட்டு முழுப் பாதையையும் எழுத வேண்டும். பக்கப்பட்டியைக் காட்டு, பக்கப்பட்டியை மறை என்று நிலைக்கு ஏற்பப் பெயர் மாறும் கட்டளைகளுக்கு இரண்டு பெயரையும் தனித்தனியாகச் சேர்த்து, இரண்டுக்கும் ஒரே கீயைக் கொடுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்தால் பட்டி மறையும், திரும்ப வராது.

மறைந்த செலவும் அதே பெயரில் இருந்துதான் வருகிறது. அடுத்த பதிப்பில் அந்தக் கட்டளைக்கு வேறு பெயர் வைத்தாலோ, நீங்கள் இடைமுக மொழியை மாற்றினாலோ, ஷார்ட்கட் எந்த எச்சரிக்கையும் தராமல் செத்துப்போகும். மெனுவிலேயே இல்லாத, பட்டனாக மட்டும் இருக்கும் கட்டளைகளை இது தொடவே முடியாது.

## வழி 4: பின்னணியில் ஓடும் மாற்றிகள்

விண்டோஸில் ஆட்டோஹாட்கீ, பவர்டாய்ஸின் கீபோர்டு மேனேஜர். மேக்கில் கராபினர்-எலமென்ட்ஸ். லினக்ஸில் கீடி போன்றவை. இவை நீங்கள் அழுத்தும் கீயை வழியிலேயே பிடித்து வேறொன்றாக மாற்றி அனுப்புகின்றன. வழி 2-ம் 3-ம் கைவிட்ட இடத்தில் இவைதான் கதி. அப்போது நன்றாகவே கைகொடுக்கின்றன.

பவர்டாய்ஸ் மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தருவது. கோடு எழுதத் தெரிய வேண்டாம்: இந்தச் சேர்க்கையை அழுத்தினால் அந்தச் சேர்க்கை போகட்டும் என்று பட்டியலிட்டால் போதும். சாஃப்ட்வேரின் செயல்முறைப் பெயரைக் கொடுத்து அதற்கு மட்டும் என்று கட்டுப்படுத்தலாம். விண்டோஸ்+எல், கன்ட்ரோல்+ஆல்ட்+டெலீட் இரண்டும் இயங்குதளத்துக்கே உரியவை, இவற்றை மாற்ற முடியாது. ஒரு கீயை வேறு கீயாக மாற்றும் அளவோடு நிற்பவர்களுக்கு இதுவே போதும்.

ஆட்டோஹாட்கீ 2003-லிருந்து வருகிறது. எந்தச் சாளரம் முன்னால் இருக்கிறது என்று பார்த்து நடந்துகொள்ளும், பல கீகளை வரிசையாக அனுப்பும், கிளிப்போர்டில் இருக்கும் உரையைத் திருத்தி ஒட்டும். பழைய பாணி விண்டோஸ் மெனு உள்ள சாஃப்ட்வேர்களில் மெனு உருப்படியைப் பெயர் சொல்லியே அழைக்கவும் முடியும். அங்கே கீயை அழுத்துவதுபோல் நடிக்கும் வேலை இல்லை, கட்டளையே நேராகப் போகிறது. தனியே எழுதி வாங்கிய பழைய பில்லிங் சாஃப்ட்வேர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. ரிப்பன் உள்ள சாஃப்ட்வேர்களில் இந்த வித்தை பலிக்காது.

செலவுகளை வெளிப்படையாகப் பார்ப்போம். நிர்வாகி உரிமையோடு திறந்த சாளரத்தில், மாற்றியும் அதே உரிமையோடு ஓடினால் ஒழிய வேலை செய்யாது. ஆட்டோஹாட்கீயின் 2-ஆம் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தபோது மொழி இலக்கணமே மாறியது. பழைய பதிப்புக்கு எழுதிய துணுக்குகளை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால் பிழை காட்டும். எந்தப் பதிப்புக்கானது என்று பார்த்து எடுங்கள். கீபோர்டை இடைமறிக்கும் எதையும் சில ஆன்டிவைரஸ்களும், விளையாட்டுகளின் ஏமாற்றுத் தடுப்புகளும் சந்தேகத்தோடு பார்க்கும். அலுவலகக் கணினியில் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்காமல் இவற்றைப் போடவே போடாதீர்கள். கீ அழுத்தங்களைப் பார்க்கும் மென்பொருள் என்பது பாதுகாப்பு விஷயம், அவர்கள் கேள்வி கேட்பது நியாயம்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. தொலைவில் இருக்கும் வேர்டும் எக்செலும் உங்கள் கணினிக்கு ஒரே ரிமோட் சாளரமாகத்தான் தெரியும். 'வேர்டில் மட்டும்' என்று போட்ட நிபந்தனை அங்கே எடுபடாது.

லினக்ஸில் திரையையும் சாளரங்களையும் கையாளும் அமைப்பு பழைய எக்ஸ்11-இலிருந்து புதிய வேலண்டுக்கு மாறியபின், எக்ஸ்11-ஐ நம்பியிருந்த ஆட்டோகீ போன்ற கருவிகள் பழையபடி வேலை செய்வதில்லை. ஒரு சாஃப்ட்வேர் மற்றொன்றின் கீ அழுத்தங்களை ஒட்டுக்கேட்க வேலண்டு விடுவதில்லை என்பதே காரணம். கீடி அதற்கும் கீழே, கர்னல் மட்டத்தில் கீகளைப் பிடிப்பதால் இரண்டிலும் ஓடும். ஆனால் அதை நிறுவ ரூட் (நிர்வாகி) உரிமை வேண்டும்.

## வழி 5: கீபோர்டுக்குள்ளேயே மாற்றுவது

கியூஎம்கே, விஐஏ, இசட்எம்கே என்ற மென்பொருள்களால் புரோகிராம் செய்யக்கூடிய கீபோர்டுகளில் கீ அமைப்பு கீபோர்டின் நினைவகத்திலேயே இருக்கும். எந்தக் கணினியில் செருகினாலும் அதே அமைப்பு, அங்கே எதையும் நிறுவ வேண்டாம். அலுவலகத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று மாறி மாறி வேலை செய்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. நான்கு கீ அழுத்த வேண்டிய நம் லிப்ரேஆஃபிஸ் ஷார்ட்கட்டை ஒரே கீயில் வைத்துவிடலாம்.

கீபோர்டுக்குத் தெரியாதது ஒன்று: திரையில் என்ன இருக்கிறது என்பது. ரைட்டருக்கு என்று வைத்த கீ உலாவியிலும் அதையே அனுப்பும். இதற்கு ஒரு நல்ல தீர்வு, சாதாரணக் கீபோர்டில் இல்லாத எஃப்13 முதல் எஃப்24 வரையிலான கீகளை அனுப்ப வைப்பது. பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் இவற்றைத் தொடுவதில்லை, மோதல் வராது. அப்புறம் வழி 2-இன்படி ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் அந்தக் கீக்கு வேண்டிய கட்டளையை ஒதுக்கிக்கொள்ளலாம். அந்தச் சாஃப்ட்வேர் இவற்றை ஏற்கிறதா என்று மட்டும் முதலில் சோதித்துப் பாருங்கள். பணச் செலவு இருக்கிறது, லேப்டாப்பின் சொந்த கீபோர்டுக்கு இது உதவாது. மெனு ஷார்ட்கட்டுக்காக மட்டும் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எதைப் பிடிக்கிறது | ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும்? | எடுத்துப்போவது | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| மாற்றாமல் இருப்பது | கட்டளை | பொருந்தாது | தேவையே இல்லை | ஆல்ட் எழுத்து மொழியோடு மாறும் |
| சாஃப்ட்வேரின் அமைப்பு | கட்டளை | ஆம் | கோப்பு அல்லது ஒத்திசைவு | எல்லாவற்றிலும் வசதி இல்லை |
| மேக் ஆப் ஷார்ட்கட்ஸ் | மெனுப் பெயர் | ஆம் | மறுபடி தட்ட வேண்டியிருக்கும் | பெயர் மாறினால் செத்துப்போகும் |
| பின்னணி மாற்றிகள் | பெரும்பாலும் கீ | முடியும் | அமைப்புக் கோப்பு | அனுமதி, பாதுகாப்பு, பராமரிப்பு |
| கீபோர்டுக்குள் | கீ | முடியாது | கீபோர்டே கூட வரும் | பணம்; எதிரில் இருப்பது தெரியாது |

## தமிழில் தட்டச்சு செய்பவர்கள் கவனிக்க

பொதுவான வழிகாட்டிகள் தொடாத இடம் இது. நமக்கு இரண்டு தட்டெழுத்துகள் (எந்தக் கீயில் எந்த எழுத்து என்ற அமைப்பு), அதோடு அவற்றுக்கு இடையே மாறுவதற்கென்று சில கீகள். மோதல் வாய்ப்பு மற்றவர்களைவிட நமக்கு அதிகம்.

என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களில் ஆல்ட்டும் ஓர் எண்ணும் அழுத்தித் தட்டெழுத்தை மாற்றுகிறோம். ஆஃபிஸின் குவிக் ஆக்சஸ் டூல்பாரும் அதே ஆல்ட்+எண்ணைத்தான் கேட்கிறது. இரண்டையும் பயன்படுத்துபவர்கள் தட்டெழுத்து மாற்றும் கீயை வேறிடத்துக்கு நகர்த்திவிடுங்கள், அல்லது டூல்பாரின் அந்த இடங்களில் ஒன்றுக்கும் உதவாத எதையாவது வைத்துவிட்டு மற்ற எண்களைப் பயன்படுத்துங்கள்.

விண்டோஸில் வலது ஆல்ட் என்பது சில தட்டெழுத்துகளில் கன்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததற்குச் சமம். ஆங்கிலம்-இந்தியா தட்டெழுத்தில் வலது ஆல்ட்+4 அழுத்தினால் ₹ குறி வரும். நீங்கள் வேர்டில் கன்ட்ரோல்+ஆல்ட்+4-ஐ வேறு கட்டளைக்குக் கொடுத்துவிட்டால், ரூபாய்க் குறி தட்டும்போதெல்லாம் அந்தக் கட்டளை ஓடும். கன்ட்ரோல்+ஆல்ட் சேர்க்கைகளை முடிந்தவரை தவிர்ப்பதே பாதுகாப்பு.

அடைப்புக்குறி, அரைப்புள்ளி, சாய்கோடு போன்ற கீகளிலும் புது ஷார்ட்கட் வைக்காதீர்கள். தமிழ்99 தட்டெழுத்தில் சதுர அடைப்புக் கீகளில் ச, ஞ இருக்கின்றன, அரைப்புள்ளியில் ந, சாய்கோட்டில் ழ. தமிழுக்கு மாறிய நிலையில் இந்தக் கீகளை எல்லாச் சாஃப்ட்வேரும் ஒரே மாதிரி புரிந்துகொள்வதில்லை. எஃப்1, எஃப்2 என்று போகும் எஃப் வரிசைக் கீகள் எந்தத் தட்டெழுத்திலும் மாறாதவை. ஷிஃப்ட்டோடோ கன்ட்ரோலோடோ இந்த எஃப் வரிசைக் கீகள் சேர்வதில் காலியாக இருப்பதைத் தேடினால் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஒரே மாதிரி நடக்கும்.

லினக்ஸில் தமிழ்த் தட்டெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் சில சாஃப்ட்வேர்களில் கன்ட்ரோல்+சி கூட வேலை செய்யாமல் போகலாம். ஆங்கிலத்தையும் பட்டியலில் வைத்திருந்தால் கீயின் ஆங்கில எழுத்தை அவை தேடிக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

## யாருக்கு எது

ரைட்டர், வேர்டு, போட்டோஷாப், கேடிஈ, விஎஸ் கோடு என்று அமைப்புப் பெட்டி இருக்கும் எதிலும் வழி 2. யோசிக்கவே வேண்டாம். எக்செல் பயனர்கள் ஆல்ட் வரிசையில் இரண்டு நாள் பழகிப் பாருங்கள், பெரும்பாலும் வேறெதுவும் தேவைப்படாது. மிச்சத்தை டூல்பாரின் ஒன்பது இடங்கள் பார்த்துக்கொள்ளும். மேக்கில் அமைப்புப் பெட்டி இல்லாத சாஃப்ட்வேர் என்றால் வழி 3. விண்டோஸில் உலாவியின் ஷார்ட்கட் உறுத்துகிறது என்றால் முதலில் பவர்டாய்ஸ். அது போதாதபோது ஆட்டோஹாட்கீ. எதையும் நிறுவ முடியாத கணினிகளுக்கு இடையே ஓடிக்கொண்டிருப்பவருக்கு, கையில் ஏற்கெனவே புரோகிராம் செய்யும் கீபோர்டு இருந்தால், வழி 5.

எத்தனை மாற்றுவது என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே நாளில் இருபது ஷார்ட்கட் மாற்றினால் இருபதும் மறக்கும். ஒரு வாரம் வேலை செய்யும்போது மவுஸ் எந்த மெனுவுக்குத் திரும்பத் திரும்பப் போகிறது என்று கவனியுங்கள். முதலிடத்தில் இருக்கும் மூன்றை மட்டும் மாற்றி, அவை கையில் ஏறியபின் அடுத்தவற்றைத் தொடுங்கள். மாற்றிய அன்றே அமைப்புக் கோப்பை மற்ற ஆவணங்களோடு பேக்கப்பில் சேர்த்துவிடுங்கள். மேக்கின் ஆப் ஷார்ட்கட்ஸ் பயன்படுத்துபவர்கள் அந்தப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால், புதுக் கணினியில் மறுபடி தட்டுவது ஐந்து நிமிட வேலை.